‘எரிஞ்சி போயிற்று’ என்று விற்கும் முன்: வீட்டுத் தண்ணி மோட்டருக்கு ஒரு நோய்பார்ப்பு

எங்கள் வளவின் பின்பக்கம் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பெஞ்சுக்குக் கீழே இன்றைக்கு ஐந்து தண்ணி மோட்டர்கள் கிடக்கின்றன. கொண்டுவந்தவர்கள் ஐந்து பேரும் சொன்னது ஒரே வசனம்: "எரிஞ்சி போயிற்று மனே." திறந்து பார்த்தால் உண்மையாகவே எரிந்தது ஒன்றுதான். இரண்டுக்கு, மோட்டரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் செத்திருந்தது. ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. ஐந்தாவதின் வயர்ப் பெட்டிக்குள் பல்லி முட்டை போட்டிருந்தது.

மின்சாரம் எனக்குத் தொழில் இல்லை. பின்னேரங்களில் கொட்டிலுக்குள் குந்தியிருந்து எதையாவது கழற்றிப் பூட்டுவது பழக்கம், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்துக்கு முன்பு எங்கள் வீட்டு மோட்டரையே எரிந்துவிட்டதென்று நம்பிப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தவன் நான். அவர் அதை வண்டியில் ஏற்றுமுன் பின்பக்க விசிறியை விரலால் சுண்டிப் பார்த்தார். அசையவில்லை. "இறுகித்தான் இரிக்கி தம்பி" என்று சொல்லிவிட்டுச் செப்புக் கணக்கில் காசைத் தந்துவிட்டுப் போனார். இரண்டு கிழமையில் அதே மோட்டர் புதுப் பெயின்ற் பூசி இன்னொரு வீட்டுக் கிணத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொல்லப்போவது கிணத்தடியில் வைத்துப் பாவிக்கும் சாதாரண அரை எச்.பி. மோட்டரைப் பற்றி. குழாய்க்கிணற்றுக்குள் இறக்கும் மோட்டரும், வயலுக்கு இறைக்கும் மூன்று பேஸ் மோட்டரும் வேறு விஷயம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எங்கள் பக்கம் மோட்டரைக் கொல்வது பெரும்பாலும் கரண்ட் இல்லை. உப்புக் காற்றும் மணலும்தான்.

கை வைக்குமுன் மூன்று காரியம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணுக்கு முன்னால் வையுங்கள். அடுத்தது கப்பாசிட்டர். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கி நிற்கும். குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் பூட்டி, அதன் இரண்டு வயரையும் கப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் சில விநாடி பிடித்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் 'பட்' என்று வெடிக்க வைப்பது வீரம்போலத் தெரியும், கப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை. மூன்றாவது, கரண்ட் ஒழுகினால் தானாக விழுந்து அணைக்கும் வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் மோட்டரை விட்டுவிட்டு முதலில் அதை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீற்றர் ஒன்று வேண்டும், கப்பாசிட்டர் அளக்கும் வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. டெஸ்டரை மட்டும் நம்பி இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

சுவிட்சைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை

இது லேசான வருத்தம். உறுமல்கூட இல்லை என்றால் மோட்டருக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது உள்ளே பாதை அறுந்திருக்கிறது. அதே சோக்கெட்டில் ஒரு மேசை விளக்கைப் பூட்டிப் பாருங்கள். எரிந்தால் பிளக்கைத் திறவுங்கள். கிணத்தடிப் பிளக்குகளில் பித்தளை ஆணி பச்சை பூத்து, வயர் தொடாமல் நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். வயரின் நுனி கறுத்திருந்தால் செப்பு மினுங்கும் இடம்வரை வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

பிளக்கிலிருந்து வயர்ப் பெட்டி வரை கரண்ட் வந்தும் மோட்டர் ஊமையாக இருந்தால், கொயிலுக்குள் (மோட்டருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) புதைத்திருக்கும் சூட்டுக் காப்பு, அதாவது கூடச் சுட்டால் கரண்டை அறுக்கும் சின்னச் சுவிட்ச், திறந்து நிற்கலாம். மோட்டர் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். குளிர்ந்த பிறகும் ஊமையென்றால் கொயிலை அளக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

கொட்டிலுக்கு வரும் மோட்டர்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். உறுமும்போது உடனே அணையுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் விடாதீர்கள். சுற்றாத மோட்டர், ஓடும்போது இழுப்பதைவிட நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். கப்பாசிட்டர் போன மோட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தே கொயிலையும் எரித்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் பொய்யாக இருந்த 'எரிஞ்சி போயிற்று' அப்படித்தான் உண்மையாகிறது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து விசிறியைக் கையால் கிறுக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்.

லேசாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிட்டர்மேல். ஊரில் சிலர் கண்டென்சர் என்பார்கள். அரை எச்.பி. மோட்டர்களில் 8 முதல் 16 மைக்ரோபரட் வரை, 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். கழற்றி, கரண்டை இறக்கி, அளவுங்கள். 10 என்று எழுதி 5 சதவீதக் கூடுதல் குறைச்சல் போட்டிருந்தால் 9.5க்கும் 10.5க்கும் இடையில் காட்ட வேண்டும். 9க்குக் கீழே இறங்கியதை நான் திரும்பப் பூட்டுவதில்லை. அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை.

புதிது வாங்கும்போது எழுதியிருக்கும் மைக்ரோபரட் அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் குறையக்கூடாது. வீட்டுக் கரண்ட் 230 என்றாலும் ஓடும்போது கப்பாசிட்டரின் முனைகளுக்கிடையில் அதைவிடக் கூடிய வோல்ட் நிற்கும், அதனால்தான் 450. 'பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்' என்று 10க்குப் பதில் 20 போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. இழுக்கும்தான், கப்பாசிட்டரோடு சேர்ந்திருக்கும் துணைக் கொயிலைச் சூடாக்கிக்கொண்டே இழுக்கும். புதுசு என்பதற்காகவும் நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய 10 மைக்ரோபரட் கப்பாசிட்டர் வீட்டுக்கு வந்து அளந்தால் 6.8. அன்றிலிருந்து மீற்றரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இந்தக் கப்பாசிட்டருக்குக் கூட்டல் கழித்தல் பக்கம் கிடையாது, இரண்டு வயரையும் எப்படியும் பூட்டலாம். ஆனால் மோட்டரின் வயர்ப் பெட்டிக்குள் வயர்களை இடம் மாற்றிவிட்டால் மோட்டர் மற்றப் பக்கம் சுற்றும். நானே செய்திருக்கிறேன். கப்பாசிட்டர் மாற்றி, மோட்டரும் அழகாக ஓட, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒரு முழுப் பின்னேரம் பைப்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். பிழை நான் மாற்றிய இரண்டு வயரில் இருந்தது. இப்போதெல்லாம் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன். உடம்பில் சுற்றும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கும், பெயின்றைச் சுரண்டியாவது தேடுங்கள்.

விசிறி கையால் அசையவே இல்லை என்றால், இறுகியிருக்கிறது. சின்ன மோட்டர்களில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான பித்தளை இம்பெல்லர் ஒன்று இரும்பு உடம்புக்குள் மயிரிழை இடைவெளியில் சுற்றும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் வெளிநாட்டுப் பிள்ளையிடம் போய் வந்தால் அந்த இடைவெளியை இரும்புத் துரு நிரப்பிவிடும். ஒரு மணல் பருக்கைகூடப் போதும்.

பலவந்தம் வேண்டாம். பிளாஸ்டிக் விசிறியைக் குறட்டால் பிடித்துத் திருகினால் விசிறி உடையும், இறுக்கம் அப்படியே இருக்கும். பல மோட்டர்களில் அச்சின் பின்நுனியில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கச் சின்ன வெட்டு ஒன்று இருக்கும், அதில் வைத்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் தண்ணீர் ஊற்றும் துவாரத்தால் வினாகிரி ஊற்றி ஒரு இரவு விடுங்கள். துருவைப் புளிப்புத் தின்னும். மண்ணெண்ணெயும் வேலை செய்யும்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குத் தேத்தண்ணீர் மணக்கும். காலையில் அசைத்துப் பார்த்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரு இரவுக்கு மேல் வினாகிரி வேண்டாம், பித்தளையையும் அரிக்கத் தொடங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் முன்பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒரு இடத்தில் கவனம். மூடிக்கு இடையில் கடதாசி போன்ற மெல்லிய கேஸ்கட் இருந்தால், அது கிழிந்ததற்காகச் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடாதீர்கள். டியூப்பின் தடிப்பு அந்த மயிரிழை இடைவெளியை விரித்துவிடும். மோட்டர் ஓடும், தண்ணீர் மேலே ஏறாது. பழைய கேஸ்கட்டின் தடிப்பிலேயே மட்டையை வெட்டிப் போடுங்கள்.

கப்பாசிட்டர் நல்லது, அச்சு லேசாகச் சுற்றுகிறது, அப்படியும் உறுமுகிறது என்றால் வோல்ட்டைப் பாருங்கள். எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230, அதில் 6 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. மோட்டரின் சுற்றும் பலம் வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 180 வோல்ட்டில் அது 61 சதவீதம்தான். சோக்கெட்டில் வோல்ட் சரியாக இருந்தும் மோட்டரடியில் குறைந்தால் குற்றவாளி நீட்டு வயர். வீட்டிலிருந்து கிணற்றுக்கு 40 மீற்றர் என்றால் போக வர 80 மீற்றர். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் அது ஏறக்குறைய 2 ஓம்ஸ். தொடங்கும்போது 15 அம்பியர் இழுத்தால் வழியிலேயே 30 வோல்ட் போய்விடும். கலியாண வீட்டுக்கு லைட் கட்டும் வயரில் மோட்டர் ஓட்டினால் இதுதான் கதி. 2.5 வயர் போடுங்கள்.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

அணையுங்கள், முதலில் அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது பம்ப்பின் தண்ணீர் மோட்டர் பக்கம் போகாமல் தடுக்கும் சீல் வெறும் சூட்டில் உராய்ந்து கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். "கொஞ்சம் ஓடவிட்டா இழுக்கும்" என்று காத்திருந்து இரண்டாவது வருத்தத்தையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இது மின்சார வருத்தம் இல்லை, காற்று வருத்தம். மோட்டர் தண்ணீரை 'இழுப்பது' என்று நாம் சொன்னாலும் உண்மையில் வெளிக்காற்றின் அமுக்கம்தான் தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளுகிறது. அந்த அமுக்கம் அதிகபட்சம் 10.3 மீற்றர்தான் தூக்கும். நடைமுறையில் 7, 8 மீற்றருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் கடலோர மணல் கிணறுகள் அவ்வளவு ஆழமில்லை, மாரியில் வாளியைக் கையால் முக்கலாம். ஆகவே இங்கே தண்ணீர் வராததற்கு ஆழம் காரணமில்லை, எங்கோ காற்று புகுகிறது.

ஊற்றும் துவாரத்தைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைப் போடாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். மட்டம் இறங்காமல் நின்றால் உறிஞ்சும் பைப்பில் பிழை இல்லை. மூடியின் ரபர், மோட்டர் சுற்றும் பக்கம், இம்பெல்லர், இந்த மூன்றையும் பாருங்கள். மட்டம் இறங்கினால், பைப்பைத் தொட்டுக்கொண்டே கிணறுவரை போங்கள். வெளியே எங்காவது ஈரம் சொட்டினால் அந்த மூட்டு. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் உள்ளே இறங்கிப் போனால் பூட் வால்வு, அதாவது பைப்பின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கவிடாமல் பிடிக்கும் வால்வு.

மூடியைத் திறந்து வைப்பதுதான் இதில் சூட்சுமம். மூடியைப் பூட்டிவிட்டால் பைப்புக்குள் தண்ணீர் தொங்கி நிற்கும், ஓட்டையால் காற்று உள்ளே போகுமே தவிரத் தண்ணீர் வெளியே வராது. சவர்க்கார நுரை பூசிக் குமிழி தேடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். காற்று உள்ளே போகும் இடத்தில் குமிழி எப்படி வரும்?

பி.வி.சி. மூட்டுகள் வெயிலில் வெடிப்பது எங்கள் பக்கம் சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பைப் கொதிக்கும், உள்ளே கிணற்றுத் தண்ணீர் குளிரும். மோட்டரோடு சேரும் கடைசி மூட்டு அதிர்வையும் தாங்க வேண்டும். முதலில் அந்த மூட்டைச் சந்தேகிப்பேன். த்ரெட் டேப்பை மரை சுற்றும் பக்கமே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

பூட் வால்வைக் கிணற்றிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் ஒரு மணல் பருக்கையோ சின்ன இலைத் துண்டோ அதன் வாயில் இருக்கும். கழுவி, வாளித் தண்ணீர் ஊற்றி நிற்கிறதா என்று பாருங்கள். திரும்ப இறக்கும்போது கிணற்றின் அடியிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி வையுங்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் கீழே போகும்போது வால்வுக்கு மேலே ஒரு அடித் தண்ணீராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி போட்டுக் காற்றை இழுக்கும். மேலும் கீழும் இந்த இரண்டு அளவுக்கும் இடம் இல்லாத கிணறென்றால், மோட்டரில் பிழை தேட வேண்டாம். கிணற்றைத் தூர்வார வேண்டும்.

தண்ணீர் வருகிறது, முந்திய மாதிரி இல்லை

வாளியும் போன் மணிக்கூடும் போதும். 10 லீற்றர் வாளி 25 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 24 லீற்றர். நல்ல நிலையில் இருக்கும் நாளில் அளந்து, கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் 'முந்திய மாதிரி' என்பதற்கு அளவே இல்லை. குறைந்திருந்தால் பூட் வால்வு வலையில் பாசி, அல்லது மணல் தின்ற இம்பெல்லர்.

இதற்குப் பெரிய மோட்டர் வாங்குவதை மருந்தென்று நினைக்காதீர்கள். எங்கள் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. வேகமாக உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்து உப்பைக் கூட்டிக்கொண்டவர்களை இந்தக் கரையில் கேட்டால் சொல்வார்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, அல்லது மோட்டரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது

இரண்டும் ஒரே வருத்தம். கரண்ட் கொயிலை விட்டு உடம்புக்கோ மண்ணுக்கோ ஒழுகுகிறது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது உங்களைக் காப்பாற்றுகிறது. விழாமல் கரண்ட் அடித்தால் காப்பாற்ற ஆளில்லை.

என் மச்சான் ஒருவர் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். "எர்த் வயரைக் கழட்டி உட்டன், இப்ப விழுறல்ல மச்சான்." ஓம், விழாது. அடுத்ததாகக் கிணத்தடி ஈரத்தில் வெறுங்காலோடு நின்று மோட்டரைத் தொடுகிறவர்தான் எர்த் வயர். அன்றைக்கு அவர் வீட்டில் நான் தேத்தண்ணீரும் குடிக்காமல் முதலில் அந்த வயரைத்தான் பூட்டினேன்.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் ஒழுக்குக்குள் விழவேண்டும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 7,700 ஓம்ஸ் தடை. பெரும்பாலும் 30க்கு முன்பே விழுந்துவிடும், ஆகவே 15,000 ஓம்ஸ் அளவிலேயே தொல்லை தொடங்கும். மோட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக்கின் லைன் ஆணிக்கும் மோட்டர் உடம்புக்கும் இடையில் தடையை அளவுங்கள். மோட்டரில் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டபடி. மீற்றர் ஒன்றுமே காட்டாமல் திறந்து நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஏதாவது இலக்கம் வந்தால் ஒழுகுகிறது. ஆனால் மீற்றரின் சின்ன பற்றரிக்குத் தெரியாத ஒழுக்கு 230 வோல்ட்டில் தெரியும். காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீற்றர் உள்ள ஆளிடம் கொண்டுபோனால் 1 மெகா ஓம்ஸுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

எப்போது விழுகிறது என்பதும் ஒரு குறி. மழை நாளில் மட்டும் என்றால் வயர்ப் பெட்டி. திறந்தால் எறும்பு மண், பல்லி முட்டை, உப்புப் பூத்த முனைகள் எல்லாம் இருக்கும். பழைய பற்தூரிகையும் ஸ்பிரிட்டும் போட்டுத் துப்புரவாக்கி, காயவைத்து, மூடியின் ரபரை மாற்றினால் முடிந்தது. வயர் நுழையும் வாய் பக்கவாட்டில் இருந்தால் வயரைக் கீழே தொங்கவிட்டு ஏறவையுங்கள், மழைத் தண்ணீர் வயர் வழியே பெட்டிக்குள் வடியாது.

ஓடி ஐந்து பத்து நிமிடம் கழித்து விழுந்தால் சூடேறும்போது கொயிலின் காப்பு இளகுகிறது. இதற்குக் கொட்டிலில் மருந்தில்லை.

மோட்டர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே விழுகிறதா? நியூட்ரல் பக்கம் ஒழுகுகிறது. சாதாரணச் சுவிட்ச் லைனை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் வயர் மோட்டர் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் கேத்தலைப் போட்டாலும் ட்ரிப் விழும். மோட்டரை யாரும் சந்தேகிக்காமல் கேத்தலை மாற்றுவார்கள். பிளக்கையே கழற்றிப் பார்த்தால் கள்ளன் பிடிபடுவான்.

வெள்ளத்தில் முங்கிய மோட்டரும் இந்தப் பகுதிக்குத்தான். 2011 தை வெள்ளம் வடிந்ததும் ஈரத்தோடு பிளக்கைப் போட்டே பல மோட்டர்களைக் கொன்றோம். முங்கிய மோட்டரைத் திறந்து முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாவித் தண்ணீரின் உப்பு உள்ளே இருந்தால் எவ்வளவு காயவைத்தாலும் ஈரத்தைத் திரும்ப இழுக்கும். மறுகா இரண்டு மூன்று நாள் நல்ல வெயில், அல்லது மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்று. பல்பு பெட்டியிலோ கொயிலிலோ முட்டாமல், ஆள் பார்வையில். பெயாரிங்கை மாற்றிவிடுங்கள், அதற்குள் போன சேற்றைக் கழுவ ஏலாது.

மோட்டரைக் கழற்றி வைத்த பிறகும் ட்ரிப் விழுந்தால் அது வீட்டு வயரிங். அதற்கு வயரிங் செய்கிற ஆளைக் கூப்பிடுங்கள், நான் கை வைக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

சூட்டுக் காப்பு தன் வேலையைச் செய்கிறது. வெயிலுக்கும் களவுக்கும் பயந்து தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்த மோட்டர்களுக்கு இது வரும். பெட்டிக்கு இரண்டு பக்கமும் காற்றோட்டம் வையுங்கள். சாக்கால் மூடி ஓட்டாதீர்கள். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு மட்டும் நிற்கிறதென்றால் அது ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரம், வோல்ட்டை அளந்து பாருங்கள். தாங்கியை விடிய வெள்ளண நிரப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

கத்துகிறது, நடுவில் தண்ணீர் ஒழுகுகிறது

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டருக்கும் பம்ப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் முன் பெயாரிங். ஒழுகுவதை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றாம் மாதம் மோட்டர் கத்தும். ஆகவே கத்தும் மோட்டருக்குப் பெயாரிங் மட்டும் மாற்றிச் சீலை விட்டால், புதுப் பெயாரிங்கும் அதே வழியில் போகும்.

பெயாரிங்கின் விளிம்பில் இலக்கம் இருக்கும். சின்ன மோட்டர்களில் பெரும்பாலும் 6201 அல்லது 6202. இலக்கத்துக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் தகர மூடி, ஆர்.எஸ். என்றிருந்தால் ரபர் மூடி. கடலோரத்தில் ரபர் மூடி உள்ளதையே கேளுங்கள். அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் முட்டுகிற அளவு பைப் துண்டொன்றை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் தழும்பேறி, புதுசே பழசாகிவிடும்.

சீலில் கறுப்புக் கரி முகம் ஒன்றும் வெள்ளைப் பீங்கான் முகம் ஒன்றும் உண்டு. அந்த இரண்டு முகத்தையும் விரலால் தொடாதீர்கள். கிரீஸ் பூசாதீர்கள். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் சரி, அச்சின் தடிப்பு அரை மில்லிமீற்றர் மாறினாலும் பொருந்தாது.

உண்மையாகவே எரிந்ததை எப்படி அறிவது

மூக்கு முதலில் சொல்லும். எரிந்த கொயிலின் நாற்றம் மாதக்கணக்கில் போகாது. திறந்தால் செம்மஞ்சளாக மினுங்க வேண்டிய கம்பி கரியாக, நூல்கட்டு பொரிந்து இருக்கும். வட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்திருந்தாலும் எரிந்ததுதான்.

சந்தேகமென்றால் கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, கொயிலிலிருந்து வரும் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளவுங்கள். என் பெஞ்சில் உள்ள ஒன்று 15, 26, 41 ஓம்ஸ் காட்டுகிறது. சின்ன இரண்டையும் கூட்டினால் பெரியது வரவேண்டும், 15ம் 26ம் 41. கணக்குச் சரியாக வந்து, உடம்புக்கும் ஒழுகாவிட்டால் கொயில் பெரும்பாலும் நல்லது. ஒன்று திறந்து நின்றாலோ கூட்டல் பிழைத்தாலோ கொயில் கட்டுகிறவரிடம் விலை கேளுங்கள். அரை எச்.பி. மோட்டருக்குக் கொயில் கட்டும் கூலி புது மோட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் கட்டச் சொல்வதில்லை.

பம்ப் பக்கம் உடைந்து மோட்டர் மட்டும் நல்லதாக இருந்தால் அதை இரும்புக்குப் போட மனம் வராது. 50 ஹேர்ட்ஸ் கரண்ட்டில் இந்த மோட்டர்கள் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். அச்சில் ஒரு வட்டப் பலகையைப் பூட்டி மணல்தாள் ஒட்டினால் நல்ல தேய்ப்பு இயந்திரம். என்னுடையதில் 6 அங்குலப் பலகை. தொடங்கும் பலம் குறைவு என்பதால் வாள் பூட்ட நினைக்காதீர்கள், மரம் கடித்தால் நின்று உறுமும், மேலே சொன்ன இரண்டாவது வருத்தம் வந்துவிடும். சாணைக்கல் பூட்டுவதென்றால் கல்லில் எழுதியிருக்கும் சுற்று மோட்டரின் சுற்றைவிடக் கூடியதாக இருக்க வேண்டும், கல்லுக்கு இரும்பு மூடியும் வேண்டும். மோட்டரின் வாயை முன்பக்கம் நன்றாக அடைத்துவிடுங்கள், மரத்தூள் கொயிலுக்குள் போனால் சூடு வெளியேறாது.

பெஞ்சுக்குக் கீழே கிடக்கும் ஐந்தில் எரிந்த அந்த ஒன்றை அடுத்த முறை இரும்புக்காரர் வரும்போது கொடுக்க வைத்திருக்கிறேன். விசிறியைச் சுண்டிப் பார்ப்பார். இந்த முறை சுற்றும்.